அனுமதி வேறு, சமத்துவம் வேறு

பட்டணத்தில் உத்தியோகம் பார்க்கும் என் நண்பரொருவர் சென்ற வாரம் என்னை ஒரு கேள்வி கேட்டார். "அமெரிக்காவில் கறுப்பருக்குக் கலாசாலைக் கதவுகள் திறந்து எத்தனையோ ஆண்டுகளாகிவிட்டன. இன்னும் அவர்களுக்கு என்ன குறை? வெள்ளையர் நிறைந்த கலாசாலைகளில் அவர்களே தனியாகக் கூடி உண்கிறார்கள். தனிச் சங்கம் வைத்துக்கொள்ளுகிறார்கள். பேதத்தை வளர்ப்பவர் அவர்களல்லரோ?" என்றார். நம்மவர் பலர் உள்ளத்திலும் இவ்வெண்ணம் இருக்கக்கூடுமாதலின், இதற்கு மறுமொழி கூறுதல் என் கடமையாகும்.

கதவு திறந்த விதத்தை முதலில் நோக்குவோம். 1948-ஆம் ஆண்டு ஜார்ஜ் மக்லாரின் என்னும் கறுப்பர், நீதிமன்றத்தின் துணைகொண்டு ஓக்லஹோமா சர்வகலாசாலையிலே டாக்டர் பட்டத்துக்குப் படிக்கச் சேர்ந்தார். அவரை எங்கே அமர்த்தினர்? வகுப்பறையிலன்று, அதனையடுத்த சிற்றறையிலே! புத்தகசாலையில் அவருக்கெனத் தனி மேஜை. போஜனசாலையிலும் தனி மேஜை. அதுவும் மற்றவர் உண்ணாத வேளையில்! இம்முறை செல்லாதென்று சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தது 1950-இல்.

1956-இல் ஆதரின் லூசி என்னும் பெண்மணி அலபாமா சர்வகலாசாலையில் சேர்ந்தார். சில நாட்களுக்குள் வெறிக்கூட்டமொன்று அவரைச் சூழ்ந்து முட்டைகளை வீசியது. கலாசாலையார் செய்ததென்ன? அவருடைய பாதுகாப்பின் பொருட்டெனச் சொல்லி அவரையே நிறுத்திவைத்தனர். பின்னர் அடியோடு நீக்கினர். அவ்வுத்தரவு ரத்தானது 1988-இல். அதன்பின் அங்கேயே பயின்று 1992-இல் அவர் முதுகலைப் பட்டம் பெற்றார். ஒரு பட்டத்துக்கு முப்பத்தாறு ஆண்டுகள்! 1962-இல் ஜேம்ஸ் மெரிடித் மிஸ்ஸிஸ்ஸிப்பி சர்வகலாசாலையில் சேர வந்தபோது எழுந்த கலகத்தில் இருவர் மாண்டனர். அவர் காவலர் புடைசூழ வகுப்புக்குச் செல்ல நேர்ந்தது.

"அவையெல்லாம் பழங்கதை" என்பார் நண்பர். முன்னேற்றமே இல்லையென்று நானும் வாதிக்கவில்லை. ஆயினும் 2018-ஆம் ஆண்டு மே மாதம் யேல் சர்வகலாசாலையில் நிகழ்ந்ததென்ன? கறுப்பின மாணவியொருவர் தாம் வசிக்கும் விடுதியின் பொது அறையிலே கண்ணயர்ந்துவிட்டார். அதனைக் கண்ட வெள்ளை மாணவியொருத்தி போலீசாரை அழைத்தாள். தம் அறைக்கதவைத் திறந்துகாட்டியும், அடையாளச் சீட்டைக் கொடுத்தும், தாம் அவ்விடத்தவரே என்று அவர் மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. உறங்கும் வெள்ளையனிடம் எவரேனும் சீட்டுக் கேட்பரோ?

வகுப்பில் அடிமை வியாபாரம் பற்றிய பாடம் வந்தால் அத்தனை கண்களும் தன்மேல் திரும்பும். தன் இனம் முழுமைக்கும் தானொருவனே பதில் கூறவேண்டும். பரீட்சையில் தேறினால் சலுகையென்பர், தவறினால் இனத்தின் குறையென்பர். நாள் முழுதும் இத்தகைய பார்வைகளின் நடுவே இருப்பவன், உணவு வேளையிலாவது தன்னை அறிந்தவர் பக்கத்தில் அமர விரும்புதல் குற்றமா? வெள்ளையர் பத்துப்பேர் ஒரு மேஜையில் உண்டால் அது நட்பு; கறுப்பர் ஐவர் கூடினால் அது பேதமோ? தனி மேஜையை முதன்முதல் போட்டவர் யாவர்? இதனை மறந்து பேசுவது அறிவுடைமையாகாது.

இது அயலார் விவகாரமென்று ஒதுக்கவும் நமக்கு உரிமையில்லை. 1913-இல் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா சர்வகலாசாலையிற் சேர்ந்து பயின்ற டாக்டர் அம்பேத்கர், 1946-இல் கறுப்பினத் தலைவரான டூ பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் சபைமுன் கறுப்பர் வைத்த விண்ணப்பத்தைப் பற்றி அதில் விசாரித்தார். தீண்டாமையின் துன்பத்தை அறிந்தவர் அத்துன்பத்தை அங்கும் கண்டுகொண்டார்.

யானும் சிறிது அறிவேன். பட்டணத்து ஆங்கிலப் பள்ளியில் என் வகுப்பிலே தோட்டத்துப் பிள்ளை நானொருவனே. என்னருகில் அமர்ந்து உண்ண மறுத்தவர் வெள்ளையரல்லர், தமிழ்ப் பிள்ளைகளே. மக்லாரினும் லூசியும் பட்டதற்கு முன் இது அணுவளவே. ஆயினும் அன்று ஆசிரியர் என்னைப் பார்த்து, "நீ ஏன் மற்றவரோடு பழகுவதில்லை?" என்றுதான் கேட்டார்; அவர்களை ஒன்றும் கேட்கவில்லை.

என் நண்பர் இப்பொழுது கேட்பதும் அதே கேள்விதான். தோழர்களே, இனி அக்கேள்வியை ஒதுங்கி அமர்ந்தவனிடம் கேளாதீர், ஒதுக்கியவனிடம் கேளுங்கள்!