முட்டையைக் கழுவி விற்றல் தகுமா?

1998 முதல் மோட்டார் கார்கள் உற்பத்தியாகிவரும் இருங்காட்டுக்கோட்டையில் தொழிலாளர் பெருகியிருப்பதால், சுற்றுக்கிராமக் குடியானவர்களுக்கு நாட்டுக்கோழி முட்டை ஏற்றதோர் உபவருமானமாகும். ஆயினும் பார்வைக்கு அழகாயிருக்கட்டுமென்று முட்டையைத் தண்ணீரிற் கழுவி விற்பது பெரும்பிசகு. ஓட்டின்மேலுள்ள மெல்லிய பூச்சு நீங்கிவிட்டால், எச்சத்திலுள்ள ஸால்மொனெல்லாக் கிருமி நுண்துவாரங்களின் வழியே உட்புகக்கூடும். உண்பவருக்குப் பேதியும் ஜுரமும் காணும். அமெரிக்காவிற் கழுவுகின்றனரே என்பர் சிலர். அங்கே கழுவிய முட்டையை விற்பனைவரை குளிர்ச்சியிலேயே வைத்துக் காக்கின்றனர். கூட்டில் உலர்ந்த வைக்கோலிட்டு, நாள்தோறும் இருவேளை முட்டையெடுத்தால் அழுக்குப் படிய இடமேது?

சித்திரை வெயிலில், சேவலோடு கூடிய கோழியிட்ட முட்டையிற் கரு வளரத் தொடங்கிவிடும். அடைவைக்கும் காலமொழியச் சேவலைப் பிரித்துவைத்தலே உசிதம். குடியானவர் இதற்கு எளிதில் இசையார் என்பது மெய்யே. இசையாதோர், ஈரமணலிற் பதித்த மண்பானையில் அகன்ற முனை மேலாக அடுக்கி, இரண்டு மூன்று நாளைக்குள் விற்றுவிடுதல் வேண்டும்.