'டோக்கியோ ஸ்டோரி' ஒரு நீதிக்கதை அல்ல

யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953) திரையிடப்படும் இடங்களிலெல்லாம், படம் முடிந்தபின் நடக்கும் உரையாடலில் ஒரு வாக்கியம் தவறாமல் எழுகிறது. யாராவது ஒருவர் கண்களைத் துடைத்தபடி எழுந்து, பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே அவர்களுக்கு நேரம் ஒதுக்க வேண்டும் என்பதையே இந்தப் படம் நமக்குக் கற்பிக்கிறது என்பார். அரங்கம் தலையசைக்கும். அதன்பின் பேசுவதற்கு எதுவும் இருக்காது. தமிழில் இப்படத்தைப் பற்றி நான் வாசித்த குறிப்புகளில் பெரும்பாலானவையும் இதே இடத்தில்தான் வந்து நிற்கின்றன.

இந்த வாசிப்பு பிழையானது என்பது என் தரப்பு. பிழை என்பதைவிட, அது நமக்கு மிகவும் சௌகரியமானது என்பதே என் முதன்மையான புகார்.

கதை எளியது. ஒனோமிச்சி என்னும் கடலோரச் சிற்றூரிலிருந்து ஷூகிச்சியும் தோமியும் டோக்கியோவில் வாழும் பிள்ளைகளைக் காண வருகிறார்கள். மூத்தவன் கொய்ச்சி புறநகரில் சிறு மருத்துவமனை நடத்தும் மருத்துவன். மகள் ஷிகே அழகு நிலையம் வைத்திருக்கிறாள். இருவருக்கும் பெற்றோரோடு இருக்க நேரமில்லை. போரில் இறந்துபோன இரண்டாம் மகனின் மனைவி நோரிகோ மட்டுமே விடுப்பு எடுத்துக்கொண்டு அவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறாள். ஊர் திரும்பிய சில நாட்களில் தோமி இறந்துபோகிறாள். பிள்ளைகள் வருகிறார்கள், அழுகிறார்கள், போய்விடுகிறார்கள்.

இந்தச் சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டால் நீதி தானாகவே கிடைத்துவிடும். ஆனால் படம் இந்தச் சுருக்கத்தில் இல்லை.

முதலில் கொய்ச்சியை எடுத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை பெற்றோரை வெளியே அழைத்துச் செல்ல எல்லோரும் உடுத்திக்கொண்டு தயாராக நிற்கிறார்கள். அப்போது நோயுற்ற ஒரு குழந்தையின் நிலை கவலைக்கிடமாக இருப்பதாகச் செய்தி வருகிறது. அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான். பயணம் ரத்தாகிறது. அவன் செய்தது தவறா? 'நேரத்தின் அருமை' பேசும் எவரேனும் இதற்கு விடை சொல்லட்டும். பெற்றோருக்கு அவன் மறுத்த நேரம் சாகக் கிடக்கும் ஒரு குழந்தைக்குப் போகிறது. ஓசு இந்தக் காட்சியைப் படத்தின் தொடக்கத்திலேயே வைத்திருப்பது தற்செயல் அல்ல. இங்கே அயோக்கியர்கள் யாரும் இல்லை, நேரம்தான் எல்லோருக்கும் போதவில்லை என்று அவர் அங்கேயே சொல்லிவிடுகிறார்.

அடுத்து, பிள்ளைகள் நேரமே ஒதுக்கவில்லை என்பதும் உண்மையல்ல. கொய்ச்சியும் ஷிகேயும் பணம் போட்டுப் பெற்றோரை அதாமி வெந்நீர் ஊற்று விடுதிக்கு அனுப்புகிறார்கள். ஒதுக்கீடு என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி கிடையாது. பணமும் நாட்களும் கடற்காற்றும் ஒதுக்கப்பட்டாயிற்று. விளைவு என்ன? இரவெல்லாம் பக்கத்து அறைகளின் சூதாட்டமும் பாட்டும். முதியவர்கள் உறக்கமில்லாமல் புரண்டு படுத்து, மறுநாள் கடற்கரைச் சுவரின் மேல் அமர்ந்து, வீடு திரும்பிவிடலாம் என்று முடிவு செய்கிறார்கள். தமிழில் 'ஒதுக்குதல்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒருவருக்காக எடுத்து வைப்பது ஒன்று, ஒருவரைத் தள்ளி வைப்பது மற்றொன்று. அதாமியில் இவ்விரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

நோரிகோவுக்கு வருகிறேன். நம் நீதிமான்கள் அவளை ஒரு பிரம்பாகவே பயன்படுத்துகிறார்கள்: மருமகளுக்கு இருந்த மனம் மகளுக்கு இல்லையே! ஆனால் அவளுக்கு நேரம் எங்கிருந்து வந்தது? அவள் கணவன் போரிலிருந்து திரும்பவில்லை. குழந்தை இல்லை. ஒற்றை அறையில் வாழ்கிறாள். விருந்தினருக்குத் தர மதுவைக்கூடப் பக்கத்து வீட்டில் கடன் வாங்குகிறாள். அவளுடைய ஓய்வு போர் வெறுமையாக்கிவிட்டுப்போன ஓய்வு. அதை மற்றவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டுவது கொடூரமானது. தன்னை அப்படிக் காட்டுவதை அவளே ஏற்பதில்லை. மாமனார் அவளைப் புகழும்போது, தான் அவ்வளவு நல்லவள் அல்ல, தன்னலக்காரி என்கிறாள். கணவனை நினைக்காமலேயே கழியும் நாட்கள் உண்டு என்று ஒப்புக்கொள்கிறாள். கடைசி மகள் க்யோகோ அண்ணன்மீதும் அக்காள்மீதும் கோபப்படும்போது அவர்களுக்காக வாதாடுபவளும் நோரிகோதான். வளர்ந்தபின் ஒவ்வொருவருக்கும் தனி வாழ்க்கை வந்துவிடுகிறது, தானும் ஒருநாள் அப்படி ஆகக்கூடும் என்று அவள் சொல்கிறாள். நம் விமரிசகர்களுக்கான பதிலைப் படத்துக்குள்ளேயே அவள் சொல்லிவிட்டாள். அவர்கள்தான் கேட்கவில்லை.

ஷிகே? தாய் இறந்த கையோடு அவளுடைய உடைகளைக் கேட்டு வாங்கிக்கொள்பவள் என்று எல்லோரும் அவளை ஏசுகிறார்கள். ஊருக்கு வரும்போதே துக்க உடையை எடுத்து வந்தவள்தான். ஆனால் தாயின் அருகில் வெடித்து அழுபவளும் அவளே. அந்த அழுகை நடிப்பல்ல. இன்னொன்றையும் நாம் மறந்துவிடுகிறோம். ஷூகிச்சி குடித்துவிட்டு நள்ளிரவில் அவள் வீட்டுக்கு வரும்போது அவள் எரிச்சலோடு பழைய நாட்களை நினைவுகூர்கிறாள். தந்தை குடித்துவிட்டு வருவதும் தாய் அவதிப்படுவதுமாகக் கழிந்த இளமை அவளுடையது. சாந்தமே உருவாகச் சிஷூ ரியூ நடித்திருக்கும் அந்த முதியவரிடமும் ஒரு கடன் பாக்கி இருக்கிறது. கணக்கைத் தொடங்கினால் அது எந்தத் தலைமுறையில் போய் முடியும்?

என் வாதத்தின் மையம் இனிமேல்தான். பெற்றோர் இருக்கும்போதே பேண வேண்டும், போனபின் பயனில்லை என்னும் அந்தப் புகழ்பெற்ற நீதி படத்திலேயே உச்சரிக்கப்படுகிறது. சொல்பவன் யார்? ஒசாகாவில் ரயில்வேயில் வேலை பார்க்கும் இளைய மகன் கெய்சோ. அலுவலகத்தில் சக ஊழியனோடு பேசும்போது பழமொழி போலப் போகிறபோக்கில் சொல்கிறான். தாய் இறந்தபின்னர் வந்து சேர்பவனும் அவன் ஒருவன்தான். நீதி அவனுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் அது ஒரு நிமிடத்தைக்கூட அவனுக்கு மிச்சப்படுத்தித் தரவில்லை. இறுதிச் சடங்கின் மரத்தாள ஓசையைத் தாங்க முடியாமல் அவன் வெளியே வந்து அமர்ந்திருக்கிறான். எந்த நீதியைப் படத்தின் செய்தி என்று மேடையில் அறிவிக்கிறோமோ, அதன் கையாலாகாத்தனத்தைத்தான் ஓசு காட்டியிருக்கிறார்.

ஒப்பிட்டுப் பார்க்க லியோ மெக்கேரியின் 'மேக் வே ஃபார் டுமாரோ' (1937) இருக்கிறது. ஓசுவோடு திரைக்கதை எழுதிய கோகோ நோடாவுக்கு இந்தப் படத்தின் தாக்கம் இருந்தது. அருமையான படம்தான், ஆனால் தாய் தந்தையரை மதிக்கச் சொல்லும் விவிலியக் கட்டளையை எழுத்தில் காட்டிவிட்டே அது தொடங்குகிறது. நம் நாட்டின் 'பாக்பான்' (2003) இன்னும் ஒருபடி மேலே போய், தந்தையைப் புகழ்பெற்ற எழுத்தாளராக்கி மகன்களை மேடையில் வைத்துத் தண்டிக்கிறது. ஓசுவிடம் கட்டளையும் இல்லை, தண்டனையும் இல்லை. தரையோடு அமர்ந்த உயரத்தில் காமிரா காத்திருக்கிறது. மனிதர்கள் எழுந்து போனபின்னும் அறையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

'இந்தப் படத்தைப் பார்த்து ஒருவன் தன் தாயிடம் பேசினால் நல்லதுதானே?' என்று கேட்கலாம். நல்லதுதான். முதன்முறை பார்த்த இரவில் நானும் வெளியே வந்து ஊருக்குத் தொலைபேசினேன். பத்து நிமிடம் போல, வழக்கத்துக்கு மாறான கனிவோடு பேசினேன். கடைசியில் அம்மா கவலையோடு கேட்டாள், 'என்னடா, உடம்புக்கு ஏதாவது முடியலையா?' என் கனிவு அவளுக்கு ஒரு நோய்க்குறியாகவே பட்டது. அடுத்த வாரம் பழைய மகனாக மாறிவிட்டேன். கண்ணீர் எனக்குத் தந்தது பாவமன்னிப்புச் சீட்டு மட்டுமே. ஷிகேயைத் திட்டிவிட்டதால் நான் ஷிகே அல்ல என்று நம்பிக்கொண்டேன். சௌகரியம் என்று நான் சொன்னது இதைத்தான்.

தோமியின் கடிகாரத்தை ஷூகிச்சி நோரிகோவிடம் தரும் காட்சியை 'காலத்தைப் போற்று' என்ற குறியீடாக விளக்குபவர்களும் உண்டு. அந்தக் காட்சியில் அவர் கேட்டுக்கொள்வது நேர் எதிரானது. இறந்துபோன தன் மகனை மறந்துவிட்டு மறுமணம் செய்துகொள் என்கிறார். அந்தக் கடிகாரம் எங்களுக்காக இனி நீ நேரம் செலவிட வேண்டாம் என்னும் விடுதலைப் பத்திரம். அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறாள்.

இறுதிக் காட்சியில் அண்டை வீட்டுப் பெண் சன்னலோரம் நின்று விசாரிக்கிறாள். இப்படி ஆகுமென்று தெரிந்திருந்தால் அவளிடம் இன்னும் பரிவாக இருந்திருப்பேன், தனியாக இருந்தால் நாட்கள் நீண்டுவிடும் என்கிறார் ஷூகிச்சி. இதைச் சொல்பவர் நேரம் ஒதுக்காத மகன் அல்ல. ஒரு முழு ஆயுளையும் அவளோடு ஒரே கூரையின்கீழ் கழித்தவர். அவருக்கும் அது போதவில்லை. எவ்வளவு கொடுத்திருந்தால் போதுமாக இருந்திருக்கும் என்பதற்கு 'டோக்கியோ ஸ்டோரி'யில் விடை இல்லை. கீழே துறைமுகத்தில் ஒரு படகு போய்க்கொண்டிருக்கிறது. அவர் விசிறிக்கொண்டு அமர்ந்திருக்கிறார். அடுத்தமுறை விளக்குகள் எரிந்ததும் எழுந்து நீதி சொல்லத் தோன்றினால், சற்று நேரம் அவரோடு பேசாமல் அமர்ந்திருக்கலாம்.