மாடி வாடகையை மறைத்து என்ன மிச்சம்?

தாம்பரம் பக்கத்தில் இருக்கும் நண்பர் ஒருவர், தன் வீட்டு மாடி போர்ஷனை மாதம் 15,000 ரூபாய்க்கு விட்டிருந்தார். வாடகையை ரொக்கமாகத்தான் வாங்குவார். குடியிருந்த பையன் தங்கமான பையன். ஒருநாள், "சார், ஆபீசில் வாடகை ரசீதும் உங்கள் பான் நம்பரும் கேட்கிறார்கள்" என்றான். வாடகைப்படிக்கு வரிவிலக்குக் கேட்பவரின் ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் அப்படித்தான் கேட்பார்கள். நண்பர் மறுத்துவிட்டார். பையன் காலி செய்துகொண்டு போய்விட்டான். மாடி நான்கு மாதம் பூட்டிக் கிடந்தது. 60,000 ரூபாய் நஷ்டம்.

எதைக் காப்பாற்ற இந்த நஷ்டம்? இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

ஆண்டு வாடகை 1,80,000. கட்டிய சொத்து வரி 6,000 போக 1,74,000. இதில் 30 சதவீதத்தை, அதாவது 52,200 ரூபாயை, சட்டமே கழித்துவிடுகிறது. அதற்கு பில் எதுவும் காட்ட வேண்டாம். மீதி 1,21,800 மட்டுமே வருமானம். அவருடைய பென்ஷன் ஆண்டுக்கு 5,40,000. நிலையான கழிவு 75,000 போக 4,65,000. இரண்டும் சேர்த்து 5,86,800. 2025-26 முதல் புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருக்கிறது. வங்கி வட்டியைச் சேர்த்தும் அவர் கட்ட வேண்டிய வரி பூஜ்யம்! இல்லாத வரிக்குப் பயந்து இருந்த வாடகையை விட்டிருக்கிறார்.

என் கருத்து இதுதான்: நம்மைப் போல ஒரு போர்ஷன் வாடகைக்கு விடுபவர்களுக்கு மறைப்பதில் லாபமே இல்லை. ஒப்பந்தம் எழுதுங்கள். வாடகையை வங்கிக் கணக்கில் வாங்குங்கள். நாளை நாம் இல்லாவிட்டாலும், முன்பணம் எவ்வளவு, வாடகை எதுவரை வந்தது என்று வீட்டுக்காரம்மாவுக்குத் தெரிய வேண்டாமா?

சில எச்சரிக்கைகள். வரி பூஜ்யம் என்றாலும், மொத்த வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் ரிட்டர்ன் தாக்கல் செய்தாக வேண்டும். சொத்து வரியை எந்த நிதியாண்டில் கட்டுகிறீர்களோ அந்த ஆண்டில்தான் கழிக்கலாம். பாக்கி வைத்தால் கழிவு கிடையாது. பெயிண்ட், மோட்டார் ரிப்பேர் செலவெல்லாம் அந்த 30 சதவீதத்துக்குள் அடக்கம். ஆனால் புதிதாக அறை கட்டிய பில்லைப் பத்திரமாக வையுங்கள். வீட்டை விற்கும்போது அடக்க விலையில் அதைச் சேர்க்கலாம். விற்ற லாபத்துக்கு அந்த 12 லட்சத் தள்ளுபடி பொருந்தாது என்பதையும் மறக்க வேண்டாம்.

நண்பர் மாடிக்கு இப்போது புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது. முதல் நாளே பான் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டாராம்.