கொடிவழியில் உயிரோடிருப்பவர்கள்

குடும்பக் கொடிவழியைத் தேடித் தொகுத்து இணையத்தில் ஏற்றும் ஆர்வம் நம்மிடையே பெருகி வருகிறது. கிரயப் பத்திரம், பழைய திருமண அழைப்பிதழ், குலதெய்வக் கோயில் வரிக்கணக்கு என்று அலைந்து ஏழு தலைமுறையை நிரல்படுத்துகிறவர்களின் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பாளையக்காரர் வம்சாவளிகளைக் காலின் மெக்கன்சி தொகுத்து வைத்திராவிட்டால் தென்னாட்டு வரலாற்றில் பல பக்கங்கள் வெறுமையாகவே கிடந்திருக்கும். என் வழக்கு முன்னோரைப் பற்றியதன்று. அந்தப் படத்தின் கடைசி இரண்டு வரிசைகளில் இருப்பவர்களைப் பற்றியது. அவர்கள் உயிரோடிருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

“நம் குடும்பம்தானே, மறைப்பதற்கு என்ன இருக்கிறது?” என்பார்கள். இவ்வாறு கேட்பவர் அநேகமாகக் குடும்பத்தில் மறைக்க ஏதுமில்லாதவர். வீடும் நிலமும் உள்ள மூத்த ஆண், சொந்தச் சாதிக்குள் மணந்தவர். மறைந்திருக்க வேண்டியவர்கள் வேறு சிலர். சாதி கடந்து மணந்து பிறந்த ஊரைச் சொல்லாமல் வாழும் மகள், தான் தத்துப்பிள்ளை என்பதை இன்னும் அறியாத சிறுவன், மணமுறிவுக்குப் பின் புதுவாழ்வு தொடங்கிய பெண். கணவர் பெயர், ஊர், வேலை என்ற மூன்று கட்டங்களை நிரப்புகிற ஆய்வாளருக்கு அது வெறும் தகவல். தேடிக்கொண்டிருப்பவனுக்கோ அது முகவரி.

மிகைப்படுத்துகிறேன் என்று எண்ண வேண்டாம். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே, சாதி மறுத்து மணந்த குற்றத்துக்காகச் சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். அக்கொலைக்கும் கொடிவழிப் படங்களுக்கும் தொடர்பில்லை. ஆனால் இப்படங்கள் ஏற்றப்படுவது அந்தக் கொலை நடந்த நாட்டில்தான். அடுத்த மாதமே, இத்தகைய இணையர்களைக் காக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவு அமைக்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர்களுக்குப் பாதுகாப்பு இல்லங்கள் அமைப்பதை மாநில அரசுகள் பரிசீலிக்க வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நீதிமன்றங்கள் இவ்வளவு கவலைப்படும் நாட்டில், பெரியப்பா ஒருவர் ஆராய்ச்சி என்ற பெயரில் பெண் குடியிருக்கும் ஊரை எழுதி வைக்கிறார்.

“அழைப்பிதழில் அச்சிட்டதுதானே” என்பது அடுத்த வாதம். அழைப்பிதழ் ஐந்நூறு பேருக்குப் போகும். முகூர்த்தம் முடிந்ததும் பழைய காகிதமாகும். இணையத்தில் ஏற்றியது அப்படி மறைவதில்லை. எங்கள் தல்லாகுளத்தில் அழகரின் எதிர்சேவைக்கு வெளியூர் உறவுகள் கூடும்போது பெரியவர்கள் உறவுமுறையை வாய்ப்பாடு போல ஒப்பிப்பார்கள். யார் எதிரில் எதைச் சொல்லலாகாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். வந்தவர் முகம் பார்த்துப் பேச்சை மாற்றும் பாட்டியின் நுண்ணறிவு தேடுபொறிக்கு இல்லை.

ஒருவர் திறந்த கதவால் உறவினர் வீடெல்லாம் திறந்துகொண்ட கதையும் உண்டு. மரபணு வழியே உறவினரைக் கண்டறிந்து தரும் அமெரிக்க நிறுவனமான 23அண்ட்மீயில் 2023இல் களவாணிகள் நுழைந்தது ஏறத்தாழ 14,000 கணக்குகளில்தான். உறவினரைக் காட்டும் வசதியின் வழியாக அவர்கள் அள்ளிச் சென்றது சுமார் 69 லட்சம் பேரின் விவரங்களை.

சட்டம் என்ன சொல்கிறது? நக்கீரன் இதழாசிரியர் தொடுத்த வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம், ஒருவரின் குடும்பம், திருமணம், மகப்பேறு, கல்வி முதலியவை பற்றி அவர் ஒப்புதலின்றி வெளியிடலாகாது என்றது. பொது ஆவணங்களில் உள்ளவற்றுக்குப் பெரும்பாலும் விலக்களித்தது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உறுதிசெய்தது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, ஒருவர் தம் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்குத் தரவுகளைக் கையாள்வதை விலக்கி வைக்கிறது. உலகமே காண ஏற்றிய பின் அது வீட்டுத் தேவைதானா என்பது வழக்கறிஞர்களுக்கு உரிய கேள்வி. தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டிய தேவை நமக்கில்லை.

ஏனெனில் நம் இலக்கணம் இதை முன்னரே யோசித்திருக்கிறது. அன்பின் ஐந்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய அகத்திணையியல் வகுத்த விதி. புறத்தில் மன்னன் பெயரை முழங்கலாம், அகத்தில் கூடாது. பெயரை நீக்கினால் மட்டும் போதுமா என்பதற்கும் நம்மிடம் விடையுண்டு. நெடுநல்வாடையில் தலைவன் பெயர் எங்கும் இல்லை. ஆனால் பாசறையில் வேலின் மீது வேம்பு சூட்டப்பட்டிருக்கிறது. வேம்பு பாண்டியர் அடையாளப் பூ. அந்த ஒரு குறிப்பால் அது அகமாகாமல் புறமாயிற்று என்றார் நச்சினார்க்கினியர். பெயரை எடுத்துவிட்டு “இரண்டாம் மகள், பல் மருத்துவர், கோயம்புத்தூர்” என்று எழுதுகிற நண்பர்களே, நீங்கள் வேம்பை அப்படியே விட்டுவைத்திருக்கிறீர்கள்.

நான் கேட்பது மிகக் குறைவு. உயிரோடிருப்பவரின் கட்டத்தில் “உயிரோடிருப்பவர்” என்ற ஒரு சொல் போதும்; பெயரோ, பிறந்த நாளோ, படமோ, ஊரோ, தொலைபேசி எண்ணோ வேண்டாம். சேர்த்தே தீரவேண்டுமென்றால் உரியவரிடம் நேரில் கேளுங்கள். அவர் அண்ணனிடம் கேட்பது கேட்டதாகாது. குழந்தைகளை அறவே விட்டுவிடுங்கள். அவர்கள் வளர்ந்து தாமே முடிவு செய்யட்டும். முழுப்படத்தைத் தாளில் எழுதி வீட்டுப் பெட்டியில் வையுங்கள், அடுத்த தலைமுறைக்கு அது பயன்படும். எவரேனும் தம் பெயரை எடுக்கச் சொன்னால் காரணம் கேளாமல் அன்றே எடுத்துவிடுங்கள். அந்தக் காரணத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாத நிலையில் அவர் இருக்கக்கூடும்.