ஞானம் கேட்பதென்றால் என்ன கேட்பது?

உயிலங்குளத்துக் கமக்காரர் கோயிலில் முழந்தாளிட்டால் அநேகமாக எதைக் கேட்பார்? மழை பெய்ய வேண்டும், கட்டுக்கரைக்குளம் நிரம்ப வேண்டும், பிள்ளை ஏ.எல். சித்தியடைய வேண்டும். எல்லாம் நல்ல ஜெபங்கள். ஞானத்துக்கான ஜெபம் வேறு வகை. அதை நாம் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்றே நினைக்கிறேன். காணியை விற்கலாமா, இந்தச் சம்பந்தம் சரிவருமா, மகனைக் கட்டாருக்கு அனுப்பலாமா என்று கேட்டுவிட்டு, கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை ஆண்டவரின் பதிலாக எடுப்பவர்கள் உண்டு. இங்கே கேட்கப்படுவது விடை. ஞானம் அல்ல.

கிபெயோனில் சாலமோன் கேட்டதைக் கவனியுங்கள். அரசர்கள் முதலாம் நூல் 3ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தான் சிறு பிள்ளை, நடக்கும் முறை தெரியாதவன் என்று முதலில் ஒப்புக்கொள்கிறார். பிறகு, மக்களுக்கு நீதி வழங்கவும் நன்மை தீமையைப் பிரித்தறியவும் தக்க உள்ளத்தைக் கேட்கிறார். அதே அதிகாரத்தின் பிற்பகுதியில் ஒரு குழந்தைக்காக இரண்டு பெண்கள் வழக்காடி வருகிறார்கள். யார் தாய் என்று வானத்திலிருந்து எந்தக் குரலும் சொல்லவில்லை. சாலமோன் இருவர் பேச்சையும் கேட்டார், அவர்களைச் சோதித்தார், தீர்ப்புச் சொன்னார். கேட்ட ஞானம் அவருக்குக் கிடைத்தது இப்படித்தான், அவருடைய சொந்தச் செவியும் சிந்தனையும் வேலைசெய்தபோது.

யாக்கோபு தம் திருமுகத்தின் தொடக்கத்திலேயே, ஞானம் குறைவுபட்டவர் கடவுளிடம் கேட்கட்டும் என்கிறார். அடுத்து, ஐயப்படாமல் கேட்க வேண்டும் என்றும் எழுதுகிறார். இதைப் படித்துப் பயப்படுகிறவர்களை அறிவேன். ‘எனக்குக் குழப்பமாக இருக்கிறதே, அப்போ என் ஜெபம் கேட்கப்படாதா?’ குழப்பம் இருப்பதால்தானே கேட்கிறோம்! யாக்கோபு கண்டிப்பது இருமனத்தை. முடிவை முதலே எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, கடவுளிடம் ஒப்புதல் மட்டும் கேட்கும் மனம் அது. ஆகவே முதல் ஜெபம், ‘ஆண்டவரே, என் விருப்பம் இது. பணத்தாசையா, ஊர் என்ன சொல்லும் என்ற பயமா, எனக்குக் காட்டும்’ என்பதாக இருக்கட்டும். அதைச் சொல்லச் சில நாள் எடுக்கும், எடுக்கட்டும்.

அதன்பின் மற்றவர்களைக் கேட்க வேண்டும். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதைக் கமக்காரர் எவரும் தனியே தீர்மானிப்பதில்லை. குளத்து நீர்மட்டத்தைப் பார்த்து, அதிகாரிகளோடு கூட்டத்தில் இருந்து பேசித்தான் முடிவாகிறது. குடும்பக் காரியத்திலும் அப்படி ஆலோசிப்பது விசுவாசக் குறைவு ஆகாது. திடப்பூசுதலில் நாம் பெறும் தூய ஆவியின் ஏழு கொடைகளில் ஆலோசனையும் ஒன்று.

எல்லாம் செய்தும் தெளிவு வராமல் போகலாம். போர்நிறுத்த காலத்தில் இரு தரப்புப் பகுதிகளுக்கும் இடையிலான சோதனைச்சாவடி இருந்த உயிலங்குளத்துக்கு இது தெரியும். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது மடு மாதாவின் திருச்சொரூபத்தைக் குருக்கள் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். வைத்திருந்தாலும் ஆபத்து, எடுத்தாலும் வேதனை. அப்படிப்பட்ட நேரத்தில் ஞானம் என்பது, இருக்கும் வெளிச்சத்தில் ஒரு முடிவை எடுத்து அதன் பாரத்தைச் சுமக்கும் துணிவு.

எடுத்த முடிவு பிழைத்தால் திரும்பக் கேட்கலாம். கேட்பவரைக் கடிந்துகொள்ளாமல் கடவுள் கொடுப்பதாக யாக்கோபு அதே வசனத்தில் சொல்கிறார். பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்ப ஏஜென்சிக்குக் காசு கட்ட இருக்கும் பெற்றோரே, கட்டுமுன் ஜெபியுங்கள். அந்தப் பிள்ளையையும் பக்கத்தில் இருத்தி, அவன் சொல்வதை இடைமறிக்காமல் முழுதாகக் கேளுங்கள்.