ஐந்து றிமோட்டும் அம்மம்மாவும்

மல்வேர்னில் எம்மவர் வீடொன்றின் வரவேற்பறை மேசையில் இன்று நாலைந்து றிமோட்டுகள் கிடப்பதைக் காண்கிறோம். தொலைக்காட்சிக்கு ஒன்று, கேபிள் பெட்டிக்கு ஒன்று, தமிழ் அலைவரிசைகள் வரும் இணையப் பெட்டிக்கு ஒன்று, ஒலிபெருக்கிக்கு ஒன்று, எதற்குரியதென எவருக்கும் தெரியாத ஒன்று. இத்தனைக்கும் பதிலாக ஒரேயொரு பொது றிமோட்டை வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்கலாம் என்பது பல வீடுகளில் எழும் கேள்வி.

சிறிய கேள்விதான். ஆனால் அவ்வீட்டில் பகல் முழுவதும் இருப்பவர் யாரென எண்ணிப் பாருங்கள். மகளும் மருமகனும் விடியுமுன்னரே வேலைக்குப் புறப்பட்டுவிடுகின்றனர். பிள்ளைகள் பாடசாலைக்குப் போய்விடுகின்றனர். எஞ்சியிருப்பவர் ஊரிலிருந்து ஸ்பொன்சரில் அழைக்கப்பட்ட அம்மம்மா. வெளியே பனி. ஆங்கிலமும் பழக்கமில்லை. அவருக்குப் பகற்றுணை அந்தத் திரை ஒன்றே. தவறான ஒரு பொத்தானில் விரல் பட்டுவிட்டால் படம் மறைந்துவிடும். அவரால் வாசிக்க இயலாத ஆங்கில வரியொன்று வெறுந்திரையில் நிற்கும். பேரன் பாடசாலை விட்டு வரும்வரை அவர் அதனையே பார்த்திருக்க வேண்டியதுதான். வளவையும் கிணற்றையும் தோட்டத்தையும் தனியொருவராய்க் கட்டியாண்ட மனிதர், இங்கே ஒரு சிறுவனின் கைக்குக் காத்திருக்கிறார். ஆகவே றிமோட்டைத் தெரிவு செய்கையில், வீட்டிலுள்ளோரில் எவருக்கு அது மிகவும் கடினமாக இருக்குமோ அவரை முன்வைத்தே தெரிவு செய்தல் வேண்டும் என்பது எமது கருத்து. நடப்பதோ வேறு. கடைக்குப் போகிறவர் வீட்டின் இளைஞர். அவர் தமக்குப் பிடித்ததை வாங்கி வருகிறார்.

1950 இல் அமெரிக்காவின் செனித் நிறுவனம் கம்பியோடு கூடிய முதலாவது தொலைக்காட்சி இயக்கியை விற்றபோது, அதற்குச் சோம்பேறி எனப் பொருள்படும் பெயரையே சூட்டியது. (எமது ஊர்களில் அந்நாளைய றிமோட் வீட்டின் கடைக்குட்டிதான். 1990 இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றபோது கடைக்குட்டிகளுக்கும் ஓய்வு கிடைத்தது.) பல நிறுவனங்களின் கருவிகளை இயக்கும் பொது றிமோட்டை பிலிப்ஸ் 1985 இல் மக்னவொக்ஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது. எமக்கு அருகிலேயே, மிசிசாகாவில் இயங்கிய இன்ரிக் என்ற நிறுவனம் பின்னர் ஹார்மனி என்னும் றிமோட்டை உருவாக்கியது. தொலைக்காட்சி பார்க்க என ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாக் கருவிகளும் உரிய முறையில் தாமாக இயங்கும். அம்மம்மாவுக்கு வேண்டியதும் அதுவே. 2004 இல் லொஜிரெக் அந்நிறுவனத்தை வாங்கியது. 2021 இல் ஹார்மனி உற்பத்தியை நிறுத்திவிட்டது. பாவனையில் உள்ளவற்றுக்கு உதவி தொடரும் என்று அறிவித்தது உண்மைதான். ஆயினும் ஒழுங்கமைப்பதற்கே இணையமும் உற்பத்தியாளரின் தயவும் வேண்டிய ஒரு பொருளைப் புதிதாக வாங்கும்படி நாம் எவருக்கும் கூறமாட்டோம்.

பணம் செலவழிக்கும் முன்னர் தொலைக்காட்சியின் அமைப்புப் பட்டியலைத் திறந்து பாருங்கள். எச்.டி.எம்.ஐ. கம்பியால் இணைந்த கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் வசதி பெரும்பாலானவற்றில் உண்டு. சாம்சுங் அதனை எனிநெற் என்கிறது, எல்.ஜி. சிம்ப்லிங்க் என்கிறது, சோனி பிராவியா சிங்க் என்கிறது. அதனை இயங்கச் செய்தாலே இரண்டு றிமோட்டுகள் மேசையை விட்டு அகலக்கூடும். காசில்லாத வழி என்பதாலோ என்னவோ, கடைக்காரர் இதைச் சொல்வது அரிது.

அதன் பின்னரும் வாங்கத்தான் வேண்டுமெனில், பழைய றிமோட்டிடமிருந்து கற்றுக்கொள்ளும் வகையைக் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் தலைக்குத் தலை வைத்து ஒவ்வொரு பொத்தானாக அழுத்த, பழையதன் அகச்சிவப்புச் சமிக்ஞையைப் புதியது பதிந்துகொள்ளும். குறியீட்டுப் பட்டியலில் பெயரே இல்லாத இணையப் பெட்டிகளுக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை. புளூரூத்தில் இயங்கும் பெட்டிகளும் குச்சிகளும் அகச்சிவப்புக்கு அடங்கா. உங்களுடையது எதுவென முதலில் அறிந்துகொள்ளுங்கள். பொத்தான்கள் பெரியனவாயும் சிலவாயும் இருப்பது நன்று. வேண்டாதவற்றின் மேல் ஒட்டுநாடா ஒட்டிவிடுவதில் வெட்கப்பட எதுவுமில்லை. பதித்த குறியீட்டு எண்ணைப் பற்றரி மூடியின் உட்புறத்தில் எழுதி வையுங்கள். பற்றரி மாற்றும்போது எல்லாவற்றையும் மறந்துவிடும் றிமோட்டுகளும் உள.

பயணத்துக்கும் இதே றிமோட் உதவுமா? உதவும். மின்னழுத்தம் கனடாவில் 120 வோல்ற், இலங்கையில் 230 வோல்ற் என்ற வேறுபாடு இதனைத் தொடாது. அது தன் பற்றரியில் இயங்குவது. இங்கே பழகிய நிறுவனத்தின் தொலைக்காட்சி யாழ்ப்பாணத்து உறவினர் வீட்டில் இருந்தாலும் பெரும்பாலும் பணியும். அங்குள்ள செய்மதிப் பெட்டிக்கு மட்டும் கற்றுக்கொடுக்க வேண்டிவரலாம். விடுதிகளில் இதனை நம்ப வேண்டாம். அமைப்புப் பட்டியலைப் பூட்டி வைக்கும் விடுதிகள் பல.

ஆனால் எமது முதியவர்களின் பயணம் பெரும்பாலும் விடுதிக்கானதன்று. மூன்று மாதம் மல்வேர்னில் மகள் வீடு, பிறகு மார்க்கத்தில் மகன் வீடு, பிறகு மொன்றியலில் இளையவள் வீடு. ஒவ்வொரு வீட்டிலும் அவர் புதிதாகப் பேரப்பிள்ளைகளிடம் பாடம் கேட்க வேண்டியிருக்கிறது. பொது றிமோட்டுகள் பலவற்றில் மூன்று நான்கு கருவிகளுக்குத் தனித்தனி இடம் உண்டு. முதலாவதில் மகள் வீட்டுத் தொலைக்காட்சியையும் இரண்டாவதில் மகன் வீட்டுத் தொலைக்காட்சியையும் மூன்றாவதில் மொன்றியல் வீட்டுத் தொலைக்காட்சியையும் பதிந்து, எந்தப் பொத்தான் எவர் வீடு என்பதைத் தமிழில் எழுதி முதுகில் ஒட்டி, அதனை அவருடைய கைப்பையிலேயே வைத்துவிடுங்கள். கண்ணாடிக் கூட்டுக்கும் மருந்துப் பெட்டிக்கும் பக்கத்தில் அதற்கும் இடமிருக்கும்.