இயற்கைச் சாவா?

இங்கிலாந்துக் கிராமங்களில் 'பப்' எனப்படும் பழைய மதுச்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. விவரம் தெரிந்தவர்கள் இதற்கு அலட்டிக்கொள்வதில்லை. "ஜனங்கள் இப்போது வீட்டிலேயே குடிக்கிறார்கள், கடைக்குக் கூட்டமில்லை. இது இயற்கைச் சாவு. இதற்கு ஏன் ஒப்பாரி?" என்கிறார்கள். இந்த அபிப்பிராயத்தை நான் ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை.

மதுவின்மேல் எனக்குப் பற்று ஒன்றும் கிடையாது. ஆனால், முகம் சுளிக்கும் வாசகர்களுக்கு ஒன்று சொல்வேன்: கிராமத்துப் பப்பில் பீர் பாதிக்குப் பாதி ஒரு சாக்குத்தான். பண்ணையாளும் வக்கீலும் ஒரே பலகையில் தோள் உரச உட்காருவது அங்கேதான். கல்லறையிலிருந்து திரும்புகிறவர்கள் கூடுவதும், கிரிக்கெட் கோஷ்டி தோல்விக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வதும் அங்கேதான். தபாலாபீஸ் மூடிப்போன சில ஊர்களில் அந்த வேலையையும் பப்பே பார்க்கிறது. ஜார்ஜ் ஆர்வெல் 1946-ல் தமக்குப் பிடித்த பப்பைப் பற்றி ஆசை ஆசையாக ஒரு கட்டுரை எழுதிவிட்டு, கடைசியில், அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்று கையை விரித்தார். நாவலாசிரியர்களுக்கு இது சகஜமான வியாதி.

கூட்டமில்லாததுதான் காரணமா? பல பப்புகளில் நடத்துகிறவர் ஒருவர், கட்டிடத்துக்குச் சொந்தக்காரர் வேறொருவர். சொந்தக்காரரான பீர்க் கம்பெனி, தன் சரக்கைத் தன் விலைக்கே வாங்கவேண்டும் என்று நடத்துகிறவரைக் கட்டிப்போட்டிருந்தது. 1989-ல் சர்க்கார் தலையிட்டு, இரண்டாயிரம் கடைகளுக்கு மேல் வைத்திருந்த கம்பெனிகளின் பிடியைத் தளர்த்தியது. பலன் என்ன? பீர் காய்ச்சாமல் கடைகளை மட்டும் வாங்கிக் குவிக்கும் புதுக் கம்பெனிகள் முளைத்தன. கட்டு அவிழவில்லை, கயிற்றைப் பிடித்த கைதான் மாறிற்று. அவர்கள் கணக்குப் புத்தகத்தில் வாடகை உண்டு, மனை விலை உண்டு; ஊர் கிடையாது.

கம்பிரியாவில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்று ஒரு சின்னக் கிராமம். அங்கே 'ஓல்டு கிரவுன்' என்னும் பப்பு கைமாறப்போகிறது என்று தெரிந்ததும் ஊரார் கூடிப் பேசினார்கள். ஏறத்தாழ 125 பேர் ஆளுக்கு 1,500 பவுன் போட்டு, 2003-ல் கூட்டுறவாக அதை வாங்கிவிட்டார்கள். கொல்லைப்புறத்துப் பீர்ப் பட்டறையை 1999-லேயே இப்படி வாங்கியிருந்தார்கள். யாருக்கும் வேண்டாத கடைக்கா ஒரு கிராமம் இத்தனை பணம் போடும்?

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2011-ஆம் வருஷச் சட்டப்படி, ஊரார் கேட்டுப் பப்பை ஊருக்கு வேண்டிய சொத்தாகப் பதிந்துகொண்டால், விற்பனையை ஆறு மாதம் நிறுத்திவைக்கலாம். அதற்குள் பணம் புரட்ட வேண்டும். புரட்டிக்கொண்டு போய் நின்றாலும், அவர்களுக்கே விற்றாக வேண்டும் என்ற கட்டாயம் சொந்தக்காரருக்கு இல்லை!

ஸ்டாஃபோர்டுஷயரில் ஹிம்லிக்கு அருகே 'குருக்கட் ஹவுஸ்', அதாவது கோணல் வீடு, என்று ஒரு பப்பு இருந்தது. 1765-ல் கட்டிய பண்ணைவீடு; அடியில் சுரங்கம் தோண்டியதால் ஒரு பக்கம் புதைந்து சாய்ந்துவிட்டது. உள்ளே மேஜைமேல் கோலிக்குண்டை விட்டால் மேட்டை நோக்கி உருளுவதுபோல் தோன்றும். அந்த வேடிக்கைக்காகவே வெளியூர்களிலிருந்து ஜனங்கள் வந்துபோனார்கள். 2023 ஜூலையில் கம்பெனி அதை விற்றது. ஆகஸ்டு 5-ந் தேதி இரவு தீப்பிடித்தது. தீ வைக்கப்பட்டதாகவே போலீசார் விசாரித்தார்கள். 7-ந் தேதி, முழுவதும் இடிக்க அனுமதி இல்லாமலே, கட்டிடம் தரைமட்டமாகிவிட்டது. தீ யார் வைத்தது என்ற ஆராய்ச்சி எனக்கு வேண்டாம். விவரம் தெரிந்தவர்களைத்தான் கேட்கிறேன்: இதுவும் இயற்கைச் சாவில் சேர்த்திதானா?